காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, அப்புறம் எதற்கு 14 நாள் மாத்திரை?

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மங்களூருக்குப் போய், அங்கேயும் தடை வந்த பிறகு ஊருக்குத் திரும்பினார். ஜூன் முதல் வாரம் குளிர்காய்ச்சல், உடம்பு தூக்கிப் போட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா, வைவாக்ஸ் என்றார்கள். 3 நாளைக்கு வெள்ளை மாத்திரை, 14 நாளைக்குச் சின்ன மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் இல்லை. சின்ன மாத்திரை போட்டால் வயிறு பிசைகிறது என்று நிறுத்திவிட்டு, இங்கே தடை முடிந்து 15ஆம் தேதி படகுகள் இறங்கியதும் கடலுக்குப் போய்விட்டார். ஜூலை கடைசியில் மறுபடி அதே காய்ச்சல், ரத்தத்தில் அதே வைவாக்ஸ். திரும்பவும் இரண்டு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். இப்போதும் காய்ச்சல் விட்டுவிட்டது, சின்ன மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறார். மலேரியா ஒருதரம் வந்தால் உடம்பை விட்டுப் போகாது, வந்து வந்துதான் போகும் என்று சம்மாட்டி (படகு முதலாளி) சொன்னாராம். மாமியார் அது சூட்டு மாத்திரை, ரத்தத்தைச் சுண்ட வைத்துவிடும் என்கிறார். எனக்கு 4 மாதக் கைக்குழந்தை இருக்கிறது, பால் கொடுக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் மீதமிருக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா? அடுத்த வருஷம் மங்களூர் போகும்முன் அவர் ஏதாவது மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?"

அம்மா, முதலில் சம்மாட்டி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை. வைவாக்ஸ் மலேரியா திரும்ப வரும். ஆனால் போகவே போகாது என்பது தப்பு. அதைப் போக வைக்கிற மருந்து உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் தொடமாட்டேன் என்கிற அந்தச் சின்ன மாத்திரைதான் அது.

இந்த இரண்டு மாத்திரையும் வேலை செய்யும் இடம் வேறு வேறு. இதை மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே ஒரு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நடுவில் நிறுத்தமாட்டார்கள். கூட்ட நேரத்தில் 'இது 3 நாள், இது 14 நாள், அடுத்த ஆள் வாங்க' என்று முடிந்துவிடுகிறது, அதனால் உங்கள் வீட்டுக்காரரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

கொசு கடித்ததும் மலேரியாக் கிருமி நேராக ரத்தத்தில் வேலையை ஆரம்பிப்பதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே பெருகி, பிறகுதான் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. அந்த உடைப்பில்தான் குளிர், நடுக்கம், வியர்வை, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் அந்த முறைக்காய்ச்சல் எல்லாம். வைவாக்ஸ் வகையில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கல்லீரலுக்குப் போன கிருமிகளில் ஒரு பகுதி உடனே வெளியே வராமல் அங்கேயே உறங்கிவிடும். தடைக்காலத்தில் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் நங்கூரம் போட்டு நிற்கிற விசைப்படகுகளைப் பார்த்து இனி மீன்பிடியே கிடையாது என்று யாராவது சொல்வார்களா? அந்த மாதிரிதான் இதுவும், நாள் வந்தால் கிளம்பிவிடும். சிலருக்குச் சில வாரத்தில், சிலருக்கு எட்டு பத்து மாதம் கழித்துக்கூட.

அந்த வெள்ளை மாத்திரை குளோரோகுவின். பெரியவர்களுக்கு முதல் இரண்டு நாள் நாலு நாலு, மூன்றாம் நாள் இரண்டு என்று பத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும், ஆள் எழுந்து நடப்பார். கல்லீரலில் உறங்குவதை அது தொடாது. அங்கே போய் வேலை செய்வது பிரைமாகுவின், அதாவது அந்தச் சின்ன மாத்திரை. அதைப் போடும்போது காய்ச்சல் ஏற்கனவே நின்றிருக்கும், அதனால் எதற்காகப் போடுகிறோம் என்றே தெரியாது, பலனும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது வயிற்றுப் பிசைவு மட்டும்தான். அப்புறம் யார்தான் முடிப்பார்கள்?

உங்கள் வீட்டுக்காரருக்கு மறுபடி காய்ச்சல் வந்த நாளைக் கணக்குப் பாருங்கள். ஜூன் முதல் வாரம் மருந்து, ஜூலை கடைசியில் காய்ச்சல், ஏறக்குறைய ஏழு வாரம். குளோரோகுவின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், பல வாரம் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருக்கும். அந்தக் காவல் இருக்கும்வரை கல்லீரலிலிருந்து வெளியே வருகிற கிருமி தலைதூக்க முடியாது, அது குறைந்ததும் கிளம்பிவிடும். நடுவில் நிறுத்தியவர்களுக்கு ஒன்றரை இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்புவது இதனால்தான். இங்கேயே புதிதாக ஒரு கொசு கடித்தும் வந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனையை வைத்து இது பழையதா புதியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்.

ஒரு சுவையான விஷயம், போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பிரைமாகுவின் 1950களின் தொடக்கத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. கல்லீரலில் உறங்கும் அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டு உறுதி செய்தது 1980 வாக்கில்தான். எதிரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முப்பது வருஷம் முன்பே ஆயுதம் கையில் இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வேலைக்கு இது ஒன்று, இதன் உறவுக்கார மருந்தான டாஃபெனோகுவின் ஒன்று, இவ்வளவுதான் உண்டு. டாஃபெனோகுவினை ஒரே வேளை போட்டால் போதும், 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாதாரணமாகக் கையில் கிடைக்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. ஆகவே 14 நாள்தான்.

இப்போது மாமியார் சொன்னது. அதை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். 'ரத்தத்தைச் சுண்ட வைக்கும்' என்று அவர் சொல்வதற்குப் பின்னால் யாருக்கோ நடந்த ஏதோ ஒன்று இருக்கலாம். ஜி6பிடி என்று ஒரு நொதி நம் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும், பெரும்பாலும் ஆண்களுக்கு, ஏனென்றால் அது தாய் வழியாக மகனுக்கு வருகிற குறை. சாதாரண நாளில் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, தெரியவே தெரியாது. பிரைமாகுவின் மாதிரி சில மருந்துகள் உள்ளே போனால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இது உண்மையான ஆபத்து. எனவே இந்த மாத்திரையைத் தொடங்கும்முன் ஜி6பிடி ரத்தப் பரிசோதனை ஒன்று செய்வது நல்லது. உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் பாலம் தாண்டி ராமநாதபுரம் வரவேண்டியிருக்கலாம், ஒரு நாள் அலைச்சல்தான், வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

மாமியாரிடம் இன்னொன்றும் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்: அவர் பிள்ளைகளில் யாருக்காவது பிறந்தவுடன் மஞ்சள் காமாலை அதிகமாகி மருத்துவமனையில் வைத்திருந்தார்களா, அவருடைய அண்ணன் தம்பிகளில் யாருக்காவது ஏதோ மாத்திரை சாப்பிட்டு சிறுநீர் கறுத்துப் போனதுண்டா? ஆம் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். போன தடவை நாலு நாள் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது ஓரளவு ஆறுதலான செய்தி, அதற்காகப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது. குறை இருப்பதாகத் தெரிந்தாலும் கதவு முழுக்க மூடிவிடாது, சிலருக்கு வாரம் ஒருமுறை வீதம் 8 வாரம் டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் கொடுப்பதுண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது டாக்டர், நீங்களாக முயற்சி செய்யக்கூடாது.

சிறுநீர் நிறத்தைப் பற்றி ஒரு குழப்பம் வரும். வெயிலில் நின்று தண்ணீர் குடிக்காமல் விட்டால் மஞ்சளாகப் போகும், அதைப் பார்த்து 'சூடு பிடித்துவிட்டது' என்று மாத்திரையை நிறுத்தவேண்டாம். இளநீர், மோர், நீராகாரம் எது வேண்டுமானாலும் கொடுங்கள், மருந்தோடு சண்டை கிடையாது, பத்தியமும் கிடையாது. கறுப்பாகவோ செங்கறுப்பாகவோ போனால் மட்டும் அந்த நிமிடமே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம்.

வயிற்றுப் பிசைவுக்கு வருகிறேன். பிரைமாகுவினை வெறும் வயிற்றில் போட்டால் பிசையத்தான் செய்யும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. விடிகாலையில் டீ மட்டும் குடித்துவிட்டுக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்க ஓடுகிற ஆளுக்குக் காலையில் மாத்திரை கொடுத்தால் அது ஒத்துவராது. ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் தங்கும் ராத்திரிக்கு, படகில் சமைத்துச் சாப்பிட்ட கையோடு போடட்டும். மாத்திரையை அட்டையோடு ஒரு மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்துக் கொடுத்துவிடுங்கள், சட்டைப் பையில் வைத்தால் உப்புத் தண்ணீரில் கரைந்துவிடும். போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி போட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடவேண்டாம், ஒரு நாள் தள்ளி முடிக்கட்டும், மொத்தம் 14 வேளை உள்ளே போக வேண்டும்.

இன்னொரு விஷயம், முடியுமானால் முதல் ஒரு வாரம் அவர் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருப்பது நல்லது. ரத்தம் உடைகிற தொந்தரவு வருவதாக இருந்தால் மாத்திரை ஆரம்பித்த முதல் சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும். நடுக்கடலில் சிறுநீர் கறுத்தால் அங்கே யாரும் இல்லை. பங்கு போய்விடுமே என்பார். தெரியும். வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு போகிறது, அதில் ஒரு வாரம் போனாலும் வீட்டில் கைகடிக்கும். ஜி6பிடி பார்த்துச் சரியாக இருக்கிறது என்று கையில் சீட்டு இருந்தால் இந்தக் கட்டாயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம், உடம்பில் தெம்பு இருந்தால்.

வீட்டில் போன தடவை மீதமான மாத்திரை இருக்கிறதே, அந்தப் பத்து நாளைப் போட்டுக் கணக்கை முடித்துவிடலாமா என்று அவர் கேட்கக்கூடும். கூடாது. போன ஜூனில் போட்ட நாலு நாளை இதில் சேர்க்க முடியாது, முதல் நாளிலிருந்து புதிதாக 14. அளவும் எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். எல்லாருக்கும் நாளுக்கு 15 மில்லிகிராம் என்று கொடுப்பதுதான் வழக்கம், அது 60 கிலோ ஆளுக்குச் சரியான கணக்கு. வலை இழுத்து உரமேறிய 80 கிலோ ஆளுக்கு அது குறைவு, குறைந்த அளவில் கொடுத்தாலும் காய்ச்சல் திரும்பும். அதனால் எடை பார்த்துச் சொல்லி, இதற்கு இது போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை. 'ஜூனில் நாலு நாளில் நிறுத்திவிட்டேன்' என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். இந்தத் தடவை அதைச் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன், சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அந்தத் தகவல் இல்லாவிட்டால் டாக்டர் மருந்து வேலை செய்யவில்லையோ என்று வேறு பக்கம் யோசிக்க ஆரம்பிப்பார்.

சாராயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த இரண்டு வாரம் வேண்டாம். குடித்த ராத்திரியில் சோறும் இறங்காது, மாத்திரையும் நினைவிருக்காது, வாந்தி வந்தால் மருந்தா குடியா என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, உங்கள் விஷயம். மீதமிருக்கும் மாத்திரையை நீங்கள் தொடவே கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பிரைமாகுவினைத் தள்ளிவைப்பதுதான் வழக்கம். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஜி6பிடி குறை இருந்தால் தெரியாதல்லவா. உங்களுக்கு வைவாக்ஸ் என்று தெரிந்தால் குளோரோகுவின் கொடுப்பார்கள், பால் கொடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை எடுத்துக்கொள்ளலாம், பாலை நிறுத்தத் தேவையில்லை. பிரைமாகுவினை எப்போது தொடங்குவது என்று டாக்டர் தேதி சொல்வார். நீங்கள் மருந்து சாப்பிட்டால் அது பால் வழியாகக் குழந்தையையும் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அந்த அளவு போதாது. குழந்தைக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கே காட்டுங்கள், 4 மாதக் குழந்தையின் காய்ச்சலை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

உங்களுக்கு வரும் காய்ச்சல் மலேரியாதான் என்று யார் சொன்னது? டெங்குவாக இருக்கலாம், டைஃபாய்டாக, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மலேரியாவே என்றாலும் ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை இருக்கிறது, மூளை வரைக்கும் போய் ஆளைச் சாய்ப்பது அதுதான். அதற்குக் குளோரோகுவின் கொடுப்பதில்லை. 1973இலேயே அசாமில் அந்தக் கிருமி குளோரோகுவினுக்கு அடங்காமல் போனது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது ஆர்ட்டிமிசினின் வகை மருந்தை இன்னொன்றோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள், சீனாவில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தது, அதைக் கண்டுபிடித்த தூ யூயூ என்ற அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அலமாரியில் கிடக்கும் வெள்ளை மாத்திரையை இரண்டு போட்டு ஃபால்சிபாரத்தை நாலு நாள் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் முதலில் விரலில் ஒரு சொட்டு ரத்தம், அப்புறம்தான் மாத்திரை. அரசு சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. 'ஒரு ஊசி போட்டுவிடுங்க, சரியாகிவிடும்' என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நினைவு தடுமாறுவது, வலிப்பு, மூச்சு வாங்கல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து போவது, இதில் ஒன்றைக் கண்டாலும் 108ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரைத் தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் மலேரியா வராது. அவரைக் கடித்த கொசு ஒன்றிரண்டு வாரம் கழித்து உங்களைக் கடித்தால் வரும். ஆகவே இப்போதைக்கு அவரும் வலைக்குள் படுக்கட்டும், நீங்களும் குழந்தையும் வலைக்குள். இந்தக் கொசு சாக்கடையில் முட்டையிடுகிற ரகம் அல்ல, நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நம் பக்கம் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் தொட்டி, டிரம், மாடியில் சின்டெக்ஸ் என்று நிரப்பி வைக்கிறோம், கிணறும் இருக்கிறது, தீவில் சவுக்குத் தோப்புக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டிய குழிகளும் இருக்கின்றன, எல்லாமே அதற்குத் தோதான இடம். மூடியை இறுக்கி மூடுங்கள், வாரம் ஒருநாள் தொட்டியைக் கழுவிக் காயவிடுங்கள். கிணற்றில் விட சுகாதாரத் துறைக்காரர்களிடம் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் கேட்டால் கொடுப்பார்கள்.

கடைசியாக மங்களூர். முன்கூட்டியே போடுகிற மாத்திரை இருக்கிறது, டாக்சிசைக்ளின் என்று ஒன்று, தினமும் போட்டு, ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். ஒன்றரை மாதம் படகில் வெயிலில் நிற்கிற ஆளுக்கு அதை நான் எழுதிக் கொடுக்க யோசிப்பேன், ஏனென்றால் அது தோலை வெயிலுக்குத் தாங்காமல் செய்துவிடும், முகமும் கையும் வெந்து கறுத்து எரியும். அப்படிப் போட்டாலும் கல்லீரலில் உறங்குகிற வைவாக்ஸை அது தடுக்காது. அதைவிட, அங்கே துறைமுகத்தில் படகிலேயே படுக்கும் ராத்திரிகளில் கொசுவலையும், கை கால்களில் கொசு விரட்டி களிம்பும் போதும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், அது ஒரு வருஷம் கழித்து வந்தாலும், 'மங்களூர் போய் வந்தேன், வைவாக்ஸ் வந்திருக்கிறது' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஜி6பிடி சீட்டு, மலேரியா ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இந்த 14 நாள் மாத்திரை முடித்த தேதி மூன்றையும் அவர் போனில் படமெடுத்து வையுங்கள், அங்கே வேறு டாக்டர் கேட்டாலும் காட்டலாம்.